ஊல்கான் கொடுத்த ரத்தம்

ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஊல்கான் வந்து உட்கார்ந்ததும் அது ஒருத்திக்கான பெஞ்சாகிவிட்டது. ஒரு பக்கம் அவளுடைய ஆட்டுத்தோல் கோட்டு, மறுபக்கம் பொரித்த மாவுத் துண்டுகள் நிரம்பிய பை, நடுவில் அவள், அவள் மடியில் பேரன் அமான். மருமகள் மீரிம் எதிர்ச் சுவரை ஒட்டி நின்றாள். இடம் இல்லாமல் நிற்கவில்லை. மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து பழக்கமில்லை.

பிள்ளை ஓயாமல் அழுதான். பத்து மாதக் குழந்தை. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள், உதடு வெளிறிக் கிடந்தது. தாய் நின்ற பக்கமே கையை நீட்டி நீட்டி அழுதான். ஊல்கான் பசும்பால் புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளினான். மீரிம் கோட்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். உள்ளே சட்டை பாலில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்ட பால் என்று சொல்லி மாமியார் பிள்ளையை மார்பிலிருந்து பிரித்து ஒரு வாரமாகிறது.

"கத்தட்டும், கத்தி ஓயட்டும்," என்றாள் ஊல்கான், பெஞ்சுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற சந்தைக்காரியிடம். அவளுக்கு யாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்க வரும். "பாலா அது? அதைக் குடிச்சுத்தான் பிள்ளை இப்படி மஞ்சக் கிழங்கா ஆயிட்டான். கல்யாணத்துக்கு முன்னாடி ஏழு தலைமுறை கேட்டோம், பாட்டன் பூட்டன் பேரெல்லாம் ஒப்பிச்சாங்க. ரத்தம் எப்படின்னு கேட்கத் தோணல பாரு. இப்ப டாக்டர் பாக்கப் போறாங்க. இவ ரத்தத்துலதான் கோளாறுன்னு வரட்டும், போற வழியில கொச்கோர்ல இவ அப்பன் வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு, பேரனைத் தூக்கிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்று சந்தைக்காரி ஒப்புக்குச் சொன்னாள். காது மட்டும் இன்னும் கிட்டே வந்தது.

அத்தனையும் உள்ளே இருந்த புருலுக்குக் கேட்டது. அந்தக் கதவு ஒழுங்காக மூடி வருஷக் கணக்காகிறது. புருல் ரத்தப் பரிசோதனை டாக்டர். ஒல்லி, பூஞ்சை உடம்பு, கழுத்தில் எந்நேரமும் ஒரு கம்பளித் துண்டு. குழந்தை டாக்டர் அனுப்பிய சீட்டு மேசையில் கிடந்தது. பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது, சிவப்பணுக்களின் தோல் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், தாய் தகப்பன் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகப்பன் எர்மெக், எல்லை தாண்டி நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலையில் இருக்கிறான். அவனை இப்போது கூப்பிட முடியாது. அகப்பட்டவள் மீரிம்தான்.

இங்கே புருலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படித்தவள்தான், நல்லவளும்தான். ஆனால் கதவு வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். சோகை பிடித்தவள்போல் வெளுத்து நின்ற மீரிமைப் பார்த்தாள், செக்கச் சிவந்த கன்னத்தோடு பெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஊல்கானைப் பார்த்தாள். பாவம் இந்தப் பெண், இவளிடமிருந்துதான் வந்திருக்கும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். பாவம் என்று நினைத்தாலும் தீர்ப்பு தீர்ப்புதானே.

மூவரையும் உள்ளே கூப்பிட்டாள். பிள்ளையின் விரல் நுனியில் எடுத்தாயிற்று, மீரிமின் கையில் எடுத்தாயிற்று. இனி ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஓர் ஆளின் ரத்தம் வேண்டும். அதற்குப் புருல் எப்போதும் தன் கையைத்தான் நீட்டுவாள். சட்டைக் கையை மடித்து ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினாள்.

"அடப் பாவமே! உன் ரத்தத்தையா எடுக்கப் போற?" என்று ஊல்கான் பதறிப்போய் எழுந்தாள். "இது எதுக்கு?"

"நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு பக்கத்துல வச்சுப் பாக்கணும் அபா," என்றாள் புருல். மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

"நல்ல ரத்தமா? உன்கிட்டயா? கதவைத் திறந்தா பறந்துடுவ போல இருக்க. உன் ரத்தத்தைப் பாத்துட்டு எம் பேரனுக்குக் கணக்குப் போட்டா விளங்கினாப்லதான்." கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தூண்போன்ற கையை மேசைமேல் வைத்தாள். "இந்தா, எடு. வீட்டுல மூத்தவ இருக்கறப்ப வெளியாள் ரத்தம் எதுக்கு? எம் புருஷனை விட வேகமா குதிரை ஏறுவேன் நான். ஜுரம்னு ஒரு நாள் படுத்ததில்ல."

குடும்பத்து ஆளின் ரத்தத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கவே கூடாது. புருலுக்கு அது நன்றாகத் தெரியும், தன்கீழ் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். ஆனாலும் பெரியவள் தானாக நீட்டிய கை. ரொட்டியை நீட்டினால் ஒரு விள்ளலாவது வாங்கி வாயில் போடாமல் நகர முடியாத ஊரில், நீட்டிய கையை மடக்கச் சொல்வது எப்படி? அதுவும் தன்னைவிட ஒரு தலைமுறை மூத்தவளிடம்? கோளாறு தாய் வழியில்தான் என்று மனசு ஏற்கெனவே சொல்லிவிட்டதால், தகப்பனைப் பெற்றவளின் ரத்தத்தால் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டாள்.

"பேர் என்ன எழுதட்டும்?" என்று மீரிமைக் கேட்டாள். மீரிம் உதட்டை மடித்துக்கொண்டாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை.

"ஊல்கான்னு எழுது," என்றாள் ஊல்கான், பெருமையாக. "மருவாதி தெரிஞ்சவதான். ரத்தம்தான் சரியில்ல."

அன்று ராத்திரி மூவரும் நகரத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். எடுத்த ரத்தம் பரிசோதனை அறையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியில் இருந்தது.

மறுநாள் காலை புருல் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர். முதல் குழாயில் உப்பு நிறைய, அடுத்ததில் கொஞ்சம் குறைவு, போகப் போகக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ரத்தத்தை விட வேண்டும். உப்புக் குறையக் குறையத் தண்ணீர் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். நல்ல சிவப்பணு நம் தந்தூர் ரொட்டி மாதிரி, நடுவில் அழுந்தி ஓரம் தடித்து இருக்கும். தோல் தளர்வாக இருப்பதால் நிறைய உப்பிக்கொடுத்துத் தாங்கும். நோயுள்ள அணு உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். உப்ப இடம் ஏது? சட்டென்று வெடித்துவிடும். வெடித்தால் அந்தக் குழாயின் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பரிசோதனை இவ்வளவுதான்.

பிள்ளையின் வரிசை ஆரம்பத்திலேயே சிவந்தது. எதிர்பார்த்ததுதான். ஊல்கானின் வரிசையும் ஆரம்பத்திலேயே சிவந்தது.

"சே, உப்புக் கலக்கினதுல தப்பு," என்று புருல் வாய்விட்டுச் சொன்னாள். நோயில்லாத ரத்தம் உடைந்தால் தண்ணீர்தானே சரியில்லை? எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி கலக்கலாம் என்று குழாய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போய்விட்டாள். சாய்க்கப் போகிற நேரத்தில்தான் மீரிமின் வரிசை கண்ணில் பட்டது. அதே தண்ணீர். அதே உப்பு. கடைசிச் சில குழாய்களுக்கு முன்பு வரை ஒரு பொட்டுச் சிவப்பில்லை. அடியில் ரத்தம் அழகாகப் படிந்திருக்க, மேலே தண்ணீர் பளிங்குபோல் நின்றது.

புருல் தாங்கியை மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தாள். காதெல்லாம் சுட்டது. ஊல்கானின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ரொட்டிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தயிர்க்கட்டிகள். பிள்ளையின் ரத்தத்திலும் அதே உருண்டைகள், இன்னும் நெருக்கமாக. சந்தேகமே வேண்டாம் என்று இந்த முறை தன் கையையே குத்தி, புதிதாக உப்புக் கலக்கி, எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். அதேதான் வந்தது. கொஞ்சம் தவறியிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்வைத் தொட்டியில் கொட்டியிருப்போமே என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஊல்கானை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் மேசைமேல் இருந்த சீட்டுகள் பறந்தன.

"என்ன பொண்ணு, எம் ரத்தம் ஜெயிச்சுதா?"

"உக்காருங்க அபா. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கா?"

"ஆகாம? எத்தனை கல்லுங்கற! வயசு முப்பதுகூட ஆகல அப்ப. டாக்டரே அசந்து போயிட்டான். புட்டியில போட்டுக் குடுத்தான், இன்னும் வீட்டுல இருக்கு." சொல்லும்போதே ஒரு மிதப்பு. "அது ஏன் கேக்கற?"

"சின்ன வயசுல கண்ணு மஞ்சளா இருந்துச்சா?"

"என்னைப் பேர் சொல்லி யார் கூப்பிட்டாங்க? மஞ்சக் குட்டி, மஞ்சக் குட்டின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் கட்டிக்கிட்டாரு." சிரித்தவள், புருல் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "எதுக்குச் சுத்தி வளைக்கற? சொல்லித் தொலை."

"மீரிம் ரத்தத்துல ஒரு கோளாறும் இல்ல அபா. பிள்ளைக்கு வந்திருக்கறது உங்ககிட்டருந்து, எர்மெக் வழியா."

ஊல்கானின் கன்னச் சிவப்பு இன்னும் ஏறியது. "வாயை அளந்து பேசு. ஆடு அறுத்து நூறு பேருக்கு ஒத்தை ஆளாச் சமைக்கறவ நான். நேத்து நீ தூங்கி வழிஞ்சுக்கிட்டு மாத்தி ஊத்தியிருப்ப."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திரும்பப் பாத்தேன், எம் ரத்தத்தையும் வச்சுப் பாத்தேன். வாங்க, நீங்களே பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்து ஊல்கான் வெகுநேரம் பார்த்தாள். மீரிமின் சில்லு முதலில், தன்னுடையது பிறகு. புருல் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குத்திக் காட்ட நல்ல சந்தர்ப்பம். வெளியே நிற்கிற பெண்ணுக்காக நாலு வார்த்தை சூடாகக் கேட்கலாம் என்று காலையிலிருந்து நாக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. குனிந்திருந்த அந்தப் பெரிய முதுகைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"ரத்த அணுவுக்குத் தோல்னு சொல்றோமே, அது தோலே இல்ல அபா," என்றாள். "கறிச் சாறு மேல கொழுப்பு மிதக்குதுல்ல, அது ஒரு இடத்துல நிக்காம நழுவிக்கிட்டே, ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிட்டே இருக்கும்ல? அந்த மாதிரி மெல்லிசான கொழுப்பு ஏடுதான். ஓடிக்கிட்டே இருக்கறதாலதான் வளையுது, மடியுது. மண்ணீரல்ல ஊசிக் காது மாதிரி இடுக்கு, அதுக்குள்ள நசுங்கி நுழைஞ்சு அந்தப் பக்கம் பழையபடி ரொட்டியா வந்துடும்."

"கொழுப்பு ஏடு சும்மா எப்படி நிக்கும்? பிச்சுக்கிட்டுப் போயிடாது?" என்றாள் ஊல்கான், கண்ணை எடுக்காமலேயே.

"அதுக்குத்தான் உள்பக்கம் ஒரு பின்னல் இருக்கு. நம்ம கூடாரத்துக்கு உள்ள மரப் பின்னல் இருக்கே, அது மாதிரி. அந்தப் பின்னலையும் மேல போர்த்தின கம்பளியையும் அங்கங்க கயிறு போட்டுக் கட்டுவோம்ல..."

"அந்தக் கயிறு தளர்ந்து போச்சா?" ஊல்கான் நிமிர்ந்தாள். "தளர்ந்தா காத்து கம்பளியைத் துண்டு துண்டாப் பிச்சுக்கிட்டுப் போயிடுமே. ஒரு வசந்தத்துல எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. மிச்சமிருந்ததை இழுத்துக் கட்டினா கூடாரம் குறுகிப் போச்சு."

"அதேதான். இதுவும் துண்டு துண்டாப் போயி, மிச்சம் இருக்கற ஏடு குறுகி உருண்டை ஆயிடுது. உருண்டை வளையாது. மண்ணீரல் இடுக்குல மாட்டிக்கிட்டு நொறுங்குது. நொறுங்கின ரத்தம்தான் கண்ணுல மஞ்சளா வருது, பித்தப்பையில கல்லா நிக்குது. உங்களுக்கு லேசா இருந்துச்சு, உடம்பு ஈடு கட்டிக்கிச்சு. பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகம். ஆனா பயப்பட ஒண்ணும் இல்ல. மருந்து இருக்கு, ரொம்பக் குறைஞ்சா ரத்தம் ஏத்துவாங்க. பெரியவனானதும் தேவைப்பட்டா மண்ணீரலை எடுத்துட்டா நல்லா இருப்பான், குதிரை ஏறுவான்."

ஊல்கான் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தலைத்துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பால்னால வராதா?" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில்.

"எது?"

"இந்த மஞ்சள். பால் கெட்டுப் போனா வராதா?"

"இந்த நோய்க்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல அபா. யார் பாலா இருந்தாலும்."

"எர்மெக்குக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு," என்றாள் ஊல்கான். "மேய்ச்சல் மலையில இருந்தோம். அதுவும் இப்படித்தான், கண்ணெல்லாம் மஞ்சளா. எம் பால்தான் விஷம்னு எங்க மாமியா பிள்ளையைக் கையிலருந்து பிடுங்கிட்டாங்க. பக்கத்துக் கூடாரத்துலதான் வச்சிருந்தாங்க. அது அழுவுற சத்தம் எனக்குக் கேட்கும். பால் கட்டிக்கிட்டு மாரு கல்லாயிப் போச்சு. பனியில பீச்சி விட்டேன். வெள்ளைப் பனியில வெள்ளைப் பால், தெரியவே தெரியாது." மூச்சு விட்டாள். "இறக்கும்போதுகூட எங்கிட்ட குடுக்கல. நானும் இத்தனை வருஷம் நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எம் பாலாலதான்னு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

புருல் மூத்தவளின் கையைத் தொட்டாள். அந்தக் கை சில்லிட்டுக் கிடந்தது.

"அப்ப எம் பால் கெட்ட பால் இல்லையா?"

"இல்ல அபா. நல்ல பால்தான். சத்தியமா."

ஊல்கான் தலைத்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சின்ன அழுகை வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வெளியே அமான் அழுகிற சத்தம் மட்டும் அந்த மூடாத கதவு வழியாக வந்துகொண்டே இருந்தது. சட்டென்று ஊல்கான் முகத்தைத் துடைத்தாள். "ஐயோ, நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்," என்று எழுந்தாள்.

வெளியே மீரிம் பிள்ளையைத் தோளில் போட்டு, சுவரோரம் நடந்துகொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த பெஞ்சில்கூட அவள் உட்காரவில்லை. மாமியாரைக் கண்டதும் நின்றுவிட்டாள். நேற்றைய சந்தைக்காரி முடிவு வாங்க வந்தவள், இன்னும் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு," என்றாள் ஊல்கான்.

மீரிம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அபா, நான் எங்கயும் போகல அபா. பிள்ளையை மட்டும்..."

"உக்காருன்னு சொல்றேன்ல."

மீரிம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பிடுங்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஊல்கான் குனிந்து, இறுக்கி மூடியிருந்த அந்தக் கோட்டின் பித்தானைத் தானே கழற்றினாள். பெரிய விரல்கள், சின்னப் பித்தான், ஒன்று தெறித்து உருண்டு ஓடியது.

"பால் குடு. பசியில துடிக்கறான் பாரு."

மீரிம் கண்ணைத் திறந்து மாமியாரையும், கதவருகே நின்ற புருலையும் மாறி மாறிப் பார்த்தாள். புருல் தலையசைத்தாள். பிள்ளை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவன் விழுங்குகிற சத்தம் அந்த நடைவழி முழுக்கக் கேட்டது. மீரிமின் கண்ணீர் அவன் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஊல்கான் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து, போகிற வருகிறவர்கள் பார்வை படாமல் மருமகளுக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி நின்றாள்.

சந்தைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஆச்சு அபா? யார் ரத்தத்துல கோளாறாம்?"

"என் ரத்தத்துல," என்றாள் ஊல்கான், நேற்றைக்குப் பேசிய அதே சத்தத்தில். "இவ ரத்தம் நல்ல ரத்தம். இவ பாலும் நல்ல பால். போயி ஊரெல்லாம் சொல்லு."

கனமான கோட்டு. புருல் ஒரு நுனியைப் பிடிக்க வந்தபோது ஊல்கான் வேண்டாமென்று தலையாட்டினாள். பிள்ளை வயிறு நிறையக் குடித்துத் தூங்குகிறவரை அவள் அதை இறக்கவே இல்லை.